ராஜாவின் இரண்டாவது தங்கச்சி

உக்காருங்கம்மா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். அண்ணன் அதுலதான் உக்காருவாங்க, அவங்களுக்கு எந்தப் பக்கம் சாயணும்னு தெரியும். நீங்க கட்டில்ல உக்காருங்க.

காலேஜ்ல அண்ணனுக்கு நினைவு மலர் போடுதாங்கன்னு எட்வின் சொன்னான். எட்வின் என் தம்பி. நல்ல காரியம். அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகப்போகுது. பேராசிரியர் ஞானதிரவியம்னா உங்க காலேஜ்ல பழைய ஆளுங்களுக்கு இப்பவும் தெரியும், முப்பது வருஷமா இங்கிலாந்து சரித்திரம் எடுத்தாங்க. குடும்பத்தைப் பத்தி ஒரு பக்கம் வேணும்னு கேக்குதீங்க. சரி, எழுதிக்கோங்க. அண்ணன் பேர்ல எனக்கு ஒரு குறையும் கிடையாது. முதல்ல அதை எழுதிக்கோங்க.

எழுதியாச்சா? இனி சொல்லுதேன்.

ஏதெல்ஸ்டன்னு ஒரு ராஜா. கேள்விப்பட்டிருக்கீங்களா? பாருங்க, நீங்க சரித்திர டீச்சர், உங்களுக்கே யோசிக்க வேண்டியிருக்கு. அண்ணனுக்கு வாழ்நாள் பூரா இதுதான் வருத்தம்.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தி இங்கிலாந்துல இருந்தவன். அண்ணன் இருந்தா 'இருந்தவர்'னு சொல்லணும், இல்லன்னா கோவம் வரும். இப்ப இல்லையே, அதனால அவன் இவன்னே சொல்லுதேன். அந்த நாடு அப்ப துண்டு துண்டாக் கெடந்துச்சாம். இவன்தான் வடக்கே யார்க் வரைக்கும் பிடிச்சு எல்லாத்தையும் ஒண்ணாக்கி, மொத்த இங்கிலாந்துக்கும் முதல் ராஜா ஆனான். இவனோட தாத்தா ஆல்பிரட். தாத்தாவை எல்லாருக்கும் தெரியும், நம்ம தெருவிலயே மூணு ஆல்பிரட் இருக்காங்க. பாளையங்கோட்டைல எட்வர்ட் இருக்கான், எட்மண்ட் இருக்கான், எட்வின் எங்க வீட்டுக்குள்ளேயே இருக்கான். ஏதெல்ஸ்டன்னு ஒரு பிள்ளைக்காவது ஞானஸ்நானத்துல பேர் வச்சிருக்காங்களான்னு அண்ணன் போதகர்கிட்டயே கேட்டிருக்காங்க. அவர் அது ஏதோ மருந்து பேருன்னு நினைச்சுக்கிட்டார்.

அண்ணனுக்கு ஏன் அந்த ராஜா மேல அவ்வளவு பிடிப்புன்னா, அதுக்குக் காரணம் இருக்கு. அண்ணனைப் பெத்த அம்மா, அண்ணன் கைப்பிள்ளையா இருக்கும்போதே தவறிட்டாங்க. அதுக்கப்புறம் அப்பா எங்க அம்மாவைக் கட்டினாங்க. அண்ணன் மதுரைல அத்தை வீட்ல வளந்தாங்க. எங்க அம்மாவுக்கு நாங்க மூணு பேர். எமிலி மூத்தவ, அடுத்து நான், கடைசி எட்வின். அண்ணன் மெட்ராஸ்ல எம்.ஏ. படிக்கும்போது ஏதோ பெரிய புஸ்தகத்துல இந்த ராஜாவைப் படிச்சிருக்காங்க. அவனும் அத்தை வீட்ல வளந்தவன். அவனுக்கும் அப்பாவோட அடுத்த தாரத்துப் பிள்ளைங்க, தம்பியும் தங்கச்சியுமா வீடு நிறைய. அவன் கல்யாணமே பண்ணிக்கல. தங்கச்சிமாரைப் பெரிய பெரிய இடத்துல, கடல் தாண்டி ராஜா வீட்டுக்கெல்லாம் கட்டிக்கொடுத்தான். அண்ணன் அதைப் படிச்சிட்டு அன்னைக்குச் சாப்பிடவே போகலையாம். "யாரோ என்னைப் பத்தி எழுதி வச்ச மாதிரி இருந்துச்சு சுகிர்தம்"னாங்க ஒருதரம். நான் சரிண்ணேன்னேன். வேற என்ன சொல்ல?

எங்க அப்பா மிஷன் பள்ளிக்கூடத்துல வாத்தியார். திடீர்னு காய்ச்சல்ல போயிட்டாங்க. அண்ணனுக்கு அப்பதான் இங்க காலேஜ்ல வேலை கிடைச்சிருந்துச்சு. அடக்கம் முடிஞ்சு வந்து, செருப்பைக் கழட்டாமலே எங்க அம்மாகிட்ட சொன்னாங்க. "சித்தி, நீங்க கவலைப்படாதீங்க. நான் கல்யாணம் பண்ணப்போறதில்ல. பிள்ளைகளை நான் பாத்துக்கிடுதேன்."

அம்மா அழுதாங்க. "ஐயோ, உன் வாழ்க்கை என்னாகும்ப்பா?"

"இதுக்கு முன்னாடி ஒருத்தர் இப்படிச் செஞ்சிருக்கார் சித்தி. நல்லாத்தான் வந்துச்சு."

அம்மா நம்ம சொந்தத்துல யாரோன்னு நினைச்சுக்கிட்டாங்க. ரொம்ப நாள் அது யாருன்னு எங்க மாமாகிட்ட விசாரிச்சிட்டு இருந்தாங்க.

சொன்ன மாதிரியே பாத்துக்கிட்டாங்க. அதுல பொய் சொல்லக்கூடாது. ஒரு நாள் எங்களைப் பட்டினி போட்டதில்ல, கை ஓங்கினதில்ல. எமிலிக்கு ஆர்மோனியம் வாங்கிக் கொடுத்தாங்க. எனக்குக் கண்ணு மங்கலா இருக்குன்னு சொன்ன அன்னைக்கே கூட்டிட்டுப் போய்க் கண்ணாடி போட்டுவிட்டாங்க. சாயங்காலம் ஆனா கதை சொல்லுவாங்க. ஒரே கதைதான். அந்த ராஜா ஸ்காட்லாந்துக்காரன், டப்ளின்காரன் எல்லாரையும் ஒரே நாள்ல ஜெயிச்ச சண்டை. அது எந்த ஊர்ல நடந்துச்சுன்னு இன்னைக்கும் ஆளாளுக்கு ஒரு இடம் சொல்லுதாங்களாம். எட்வின் கேப்பான், "எங்க நடந்துச்சுன்னே தெரியாதுங்கீங்க, ஜெயிச்சது மட்டும் எப்படிண்ணே தெரியும்?" அண்ணன், "நல்ல கேள்வி"ம்பாங்க. கதையை மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிப்பாங்க.

எட்வின் பாடுதான் பாவம். அந்த ராஜாவுக்கும் எட்வின்னு ஒரு தம்பி. அதே மாதிரி வேற தாயோட பிள்ளை. அவன் கடல்ல மூழ்கிச் செத்துப்போனான். ராஜாவே ஓட்டைப் படகுல ஏத்திவிட்டுட்டான்னு பின்னால வந்தவங்க எழுதிட்டாங்க. அண்ணன் அதை நம்பவே மாட்டாங்க. "அவதூறு, சுத்த அவதூறு"ன்னு சொல்லும்போது கண்ணு சிவந்துடும். ஆனா எம்.ஏ. முடிச்சு ஊருக்கு வந்ததும் முதல் வேலையா எட்வினை ஆத்துக்குப் போகக்கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. தாமிரபரணி பக்கத்துல ஓடுது. ஊரே குளிக்குது, எருமை குளிக்குது. எங்க எட்வின் வீட்ல வாளில குளிச்சான். குற்றாலத்துக்கு எல்லாரும் போனா இவன் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு அருவியைப் பாத்துட்டு நிப்பான்.

படிச்சு முடிச்சதும் தூத்துக்குடில ஒரு கப்பல் கம்பெனில அவனுக்கு வேலை வந்துச்சு. ஓடி வந்து சொன்னான்.

"கப்பல்லயா?"ன்னாங்க அண்ணன்.

"ஆமாண்ணே. சிங்கப்பூர், ஜப்பான் எல்லாம் போகலாம்."

"வேண்டாம்."

"ஏண்ணே?"

"உன் பேரு எட்வின்."

எட்வின், "பேரை மாத்திக்கிடுதேன்"னான்.

அண்ணன் அதை உண்மையாவே யோசிச்சாங்க. பேனாவைக் கீழ வச்சுட்டு யோசிச்சாங்க. அப்புறம் சொன்னாங்க, "இல்லப்பா. எனக்கு நீ எட்வின்தான். நான் ஒவ்வொரு நாளும் கடலைப் பாத்துக்கிட்டு உக்கார முடியாது."

எட்வின் தாலுகா ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டா சேர்ந்து அங்கேயே ரிட்டயர் ஆனான். இன்னைக்கும் நீச்சல் தெரியாது. கோவம் உண்டாடான்னு கேட்டா, "தெரியலக்கா, போயிருந்தா ஒருவேளை முங்கித்தான் போயிருப்பேனோ என்னவோ"ம்பான். அவன் அப்படி. எனக்கு அந்த மாதிரி எதுவும் இல்ல. எனக்கு ஒரு குறையும் இல்லன்னு முதல்லயே எழுதிட்டீங்கல்ல?

சரி. இப்ப எங்க கல்யாண விஷயம்.

எமிலிக்கு இருபத்திரெண்டு, எனக்கு இருபது. அப்ப ஒரு இடம் வந்துச்சு. மாப்பிள்ளை தியோடர், ஜபல்பூர்ல ரயில்வே இன்ஜினியர். பூர்வீகம் நம்ம பக்கம்தான். ரெண்டு நாள் லீவுல மதுரைக்கு வாராங்க, அத்தை வீட்ல வச்சுப் பொண்ணு பாக்கலாம்னு ஏற்பாடு. 'உங்க வீட்டுப் பொண்ணு'ன்னுதான் அவங்க எழுதியிருந்தாங்க. எந்தப் பொண்ணுன்னு எழுதல. வேற வீட்ல இருந்தா மூத்தவன்னு எடுத்துக்குவாங்க. எங்க வீட்ல அண்ணன்.

"எமிலி, சுகிர்தம், ரெண்டு பேரும் புறப்படுங்க"ன்னாங்க.

அம்மா அடுப்படில இருந்து வெளிய வந்தாங்க. "ரெண்டு பேருமா? ஜவுளிக்கடையாப்பா இது, ரெண்டு சேலையை விரிச்சுக் காட்ட?"

"சித்தி, ஜெர்மனிக்கே ரெண்டு பேரைத்தான் அனுப்பினாங்க."

"யாரு?"

அண்ணன் விளக்கினாங்க. ஜெர்மனி ராஜா தன் மகன் ஓட்டோவுக்கு உன் தங்கச்சி ஒருத்தியைக் கொடுன்னு கேட்டு ஆள் அனுப்பினானாம். ஏதெல்ஸ்டன் ஒருத்திக்கு ரெண்டு பேரா கப்பல்ல ஏத்தி, பிடிச்சவளை எடுத்துக்கோன்னு அனுப்பினானாம். "அது பெரிய மனசு சித்தி. தங்கச்சிமார்ல உசத்தி தாழ்த்தி பாக்காதவன்தான் அப்படி அனுப்புவான்." அம்மா என்னைப் பாத்தாங்க. எமிலி என்னைப் பாத்தா. நான் சேலை எடுத்து மடிச்சு வச்சேன். அண்ணன் சொன்னா சொன்னதுதான்.

மதுரைல அத்தை வீட்டு முன்னறைல உக்கார வச்சாங்க. எமிலிக்கு மாந்தளிர் கலர், எனக்கு ஊதா. தியோடரும் அவங்க அம்மாவும் வந்தாங்க. நான் அந்த ஆளைச் சரியாப் பாக்கவே இல்ல. சாம்பல் கலர் கோட்டு. அந்த மதுரை வெயில்ல கோட்டு. மேல் பொத்தான் மட்டும் கறுப்பு நூல்ல தைச்சிருந்துச்சு. இடது காதுக்குக் கீழ சின்ன மச்சம். தண்ணி குடிக்கும்போது கண்ணை மூடிக்கிட்டுக் குடிச்சாங்க. அவ்வளவுதான் பாத்தேன்.

ரெண்டு பொண்ணு வந்து நின்னதும் அவங்களுக்கு ஒண்ணும் புரியல. அண்ணன் எழுந்து நின்னு சொன்னாங்க, வகுப்பு எடுக்குற குரல்ல. "இவ எமிலி. இவ சுகிர்தம். ரெண்டு பேரும் எனக்கு ஒண்ணுதான். நீங்க உங்க மனசுப்படி முடிவு பண்ணலாம்."

அந்தம்மா அத்தையைப் பாத்தாங்க. அத்தை விசிறியைத் தேடுத மாதிரி உள்ள போயிட்டாங்க.

தியோடர் எமிலிகிட்ட கேட்டாங்க, "பாடுவீங்களா?" எமிலி ஒரு கீர்த்தனை பாடினா. நல்லாப் பாடினா, குறை சொல்லக்கூடாது. மூணு சரணமும் பாடினா. முடிச்சதும் தியோடர் என் பக்கம் திரும்பி, "நீங்க?"ன்னாங்க.

"நான் கேப்பேன்"னேன்.

அவங்க சிரிச்சாங்க. அந்தச் சாயங்காலம் முழுக்க அந்த ஒரு தரம்தான் சிரிச்சாங்க. சிரிச்சதுக்காகக் கட்டிக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்லையே. அப்புறம் அவங்க அம்மா மகன் காதுல ஏதோ சொன்னாங்க. அவர் தரையைப் பாத்தார். அந்தம்மா, "மூத்த பொண்ணோட பாட்டு எங்க சர்ச்ல உதவும்"னாங்க. முடிஞ்சது.

அண்ணனுக்கு ரொம்ப சந்தோஷம். ஓட்டோவும் மூத்தவளைத்தான் எடுத்தானாம். ஈடித்துன்னு பேரு. சரித்திரம் அப்படியே நடந்துச்சுன்னு அண்ணன் அத்தை வீட்டு வாசல்ல நின்னு கையைத் தேய்ச்சுக்கிட்டாங்க.

திரும்பி வரும்போது பஸ்ல எமிலி ஜன்னலோரம், நான் நடுவுல, அண்ணன் இந்தப் பக்கம். கோவில்பட்டி தாண்டினதும் நான் கேட்டேன்.

"அண்ணே, அந்த ரெண்டாவது தங்கச்சி என்ன ஆனா?"

"யாரு?"

"ஜெர்மனிக்குக் கூடப் போனவ. பிடிக்கலன்னு விட்டவ."

"பிடிக்கலன்னு யாரும் சொல்லல சுகிர்தம். மூத்தவளை எடுத்தாங்க." அண்ணன் கண்ணாடியைத் துடைச்சாங்க. "இவளை ஆல்ப்ஸ் மலைப்பக்கம் யாரோ ஒரு ராஜாவுக்குக் கொடுத்ததாச் சொல்லுதாங்க."

"எந்த ராஜா?"

"குறிப்பு இல்லை."

"அவ பேரு?"

"ஆளுக்கொரு மாதிரி எழுதியிருக்காங்க. சரியாத் தெரியல. அவ குடும்பத்துல வந்த ஒருத்தரே பின்னால, எங்க வம்சத்துல ஒருத்தி உங்க பக்கம் வந்தாளே, என்ன ஆனா தெரியுமான்னு ஜெர்மனிக்கு எழுதிக் கேட்டிருக்கார்."

"பதில் வந்துச்சா?"

"குறிப்பு இல்லை."

"வீட்டுக்கு ஒருதரமாவது திரும்பி வந்தாளாண்ணே?"

"அதெல்லாம் எழுத மாட்டாங்கம்மா"ன்னு சொல்லிட்டு அண்ணன் தூங்கிட்டாங்க. எமிலி அழுதுட்டு இருந்தா, சந்தோஷத்துலயா பயத்துலயான்னு தெரியல. என் தோள்ல சாஞ்சுக்கிட்டா. நான் திருநெல்வேலி வரைக்கும் அசையாம உக்காந்திருந்தேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு எனக்கு இடம் பாத்தாங்க. வால்பாறைக்கு மேல ஒரு தேயிலை எஸ்டேட், அங்க ஆஸ்பத்திரில கம்பவுண்டர். பேரு தவமணி. நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல, உங்களுக்காகச் சொல்லுதேன். எஸ்டேட்ல எல்லாரும் கம்பவுண்டர்ம்பாங்க, நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிட்டேன். அண்ணன் போட்டோகூட சரியாப் பாக்கல. 'மலை'ன்னு கேட்டதும் முகம் மலர்ந்துபோச்சு. "மலையா? நல்லது. ரொம்ப நல்லது"ன்னாங்க. ஏன் நல்லதுன்னு எனக்குத் தெரியும், நான் கேக்கல.

கம்பவுண்டர் நல்ல மனுஷன். ஊசி போடுதது தெரியாம போடுவாங்க. பேச்சு கம்மி. கல்யாணமாகி முதல் வாரம் நான் அழுதப்ப என்ன ஏதுன்னு கேக்காம உப்புப் பொட்டலத்தை எடுத்து வந்து என் கால்ல ஒட்டியிருந்த அட்டையை எடுத்துப் போட்டாங்க. அட்டைக்காகத்தான் அழுதேன்னு நினைச்சுக்கிட்டாங்க. அது ஒரு காரணம்தான்.

மூணு ரூம் வீடு. வருஷத்துல பாதி மழை. துணி காயாது, அடுப்புக்கு மேல கட்டித்தான் காய வைக்கணும். யானை வந்து வாழையைத் தின்னுட்டுப் போகும். ஒரு மகள் பிறந்தா, அவ இப்ப கோயம்புத்தூர்ல இருக்கா. நல்லாத்தான் இருந்தோம்.

அண்ணன் வரல. ஜபல்பூருக்கு நாலு தரம் போனாங்க. ரெண்டு ராத்திரி ரயில்ல, அவிச்ச கடலையைத் தின்னுக்கிட்டு. எங்க மலைக்கு வரல. "வளைவு ஜாஸ்தி, வாந்தி வரும்"பாங்க. வாந்தி வரத்தான் செய்யும். எனக்கும்தான் வந்துச்சு.

அண்ணன் ரிட்டயர் ஆனப்ப காலேஜ்ல பெரிய விழா வச்சாங்க. நீங்க அப்ப பிறந்திருக்க மாட்டீங்க, இல்ல சின்னப் பிள்ளையா இருந்திருப்பீங்க. எமிலியும் தியோடரும் வரல, பையனுக்குப் பரீட்சை. நானும் கம்பவுண்டரும் முந்தின நாளே மலையிறங்கிப் புறப்பட்டோம். வழில பஸ் கெட்டுப்போச்சு. நேரே மண்டபத்துக்குத்தான் வர முடிஞ்சது. மூணாவது வரிசைல உக்காந்தோம்.

அண்ணன் பேசினாங்க. தன்னைப் பத்திப் பேசல, ராஜாவைப் பத்தித்தான் பேசினாங்க. நல்ல பேச்சும்மா. "அவருக்குப் பிள்ளை இல்லை. அவர் ஜெயிச்ச களம் எது என்று தெரியவில்லை. அவருக்கென்று கட்டிய கல்லறைக்குள் எலும்புகூட இல்லை. ஆனால் அவர் கூட்டி வைத்த நாடு நிற்கிறது. ஒரு மனிதன் விட்டுப்போவது அவன் பெயரை அல்ல, அவன் ஒன்று சேர்த்ததை." இப்படிச் சொன்னாங்க. கைதட்டல் அடங்கவே நேரமாச்சு.

அப்புறம் குடும்பத்துக்கு நன்றி சொன்னாங்க. "என் தங்கை எமிலி ஜபல்பூரில் இருக்கிறாள். மாப்பிள்ளை தியோடர் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். என் தம்பி எட்வின் இதோ முன்வரிசையில், பத்திரமாக இருக்கிறான்." எல்லாரும் சிரிச்சாங்க. "இன்னொரு தங்கையை மலைப்பக்கம் எங்கோ கொடுத்திருக்கிறோம்."

நான் எழுந்திரிக்கணும்னு நினைக்கல. கால் எழுந்திருச்சுட்டுது.

"எங்கன்னு சொல்லுங்கண்ணே"ன்னேன்.

அண்ணன் கண்ணாடிக்கு மேல பாத்தாங்க. மைக்ல கேட்டாங்க, எல்லாருக்கும் கேக்குத மாதிரி. "சுகிர்தம்? நீ வந்திருக்கியா?"

"வால்பாறைக்கு மேல, பழைய பங்களா டிவிஷன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால மூணாவது வீடு. இருபத்திநாலு வருஷமா அங்கதான் இருக்கேன். இவங்க பேரு தவமணி. கம்பவுண்டர்." "எழுதிக்கோங்க"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன்.

பின்னால இருந்த பிள்ளைங்க நிகழ்ச்சில இதுவும் ஒண்ணுன்னு நினைச்சுக் கை தட்டினாங்க.

கம்பவுண்டர் குனிஞ்சு என் காதுல சொன்னாங்க, "உக்காந்துக்கிட்டே சொல்லியிருக்கலாம்."

வீட்டுக்கு வந்து அண்ணன் மாலையெல்லாம் கழட்டிட்டு அந்த நாற்காலில உக்காந்து சுவரைப் பாத்துட்டு இருந்தாங்க. நாங்க மறுநாள் காலைல மலைக்குப் புறப்பட்டோம். வாசல் வரைக்கும் வந்தாங்க. "மூணாவது வீடா?"ன்னாங்க. ஆமாண்ணேன்னேன்.

அடுத்த மாசம், நல்ல மழைல, அண்ணன் வந்து இறங்கினாங்க. தனியா. பொள்ளாச்சில இருந்து வர்ற வழில நாப்பது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் எண் எழுதி வச்சிருப்பாங்க. "ஒன்பதாவதுல ஆரம்பிச்சேன்"னாங்க. முகம் வெளுத்து, வேட்டி எல்லாம் நனைஞ்சு, கைல குடை விரிக்காமலே இருந்துச்சு. கம்பவுண்டர் ஒண்ணும் கேக்காம படுக்க வச்சு ஒரு ஊசி போட்டாங்க. எழுந்ததும் அண்ணன் சொன்ன முதல் வார்த்தை, "ஊசி போட்டாச்சா இல்லையா?"

ஒரு வாரம் இருந்தாங்க. வீட்டைச் சுத்திச் சுத்திப் பாத்தாங்க. அடுப்புக்கு மேல கட்டின கொடியைப் பாத்தாங்க. என் மக பள்ளிக்கூடத்துல வாங்கின கோப்பையைக் கைல எடுத்துப் பாத்துட்டுத் திருப்பி அதே இடத்துல வச்சாங்க. அட்டை கடிச்சா சத்தம் போடாம கம்பவுண்டர்கிட்ட காலை நீட்டுவாங்க. கூடவே ஆஸ்பத்திரிக்குப் போய் ஓரமா உக்காந்திருப்பாங்க.

ஒரு நாள் சாயங்காலம் மூணு பேரும் உக்காந்து பாலில்லாத கட்டங்காப்பி குடிச்சிட்டு இருந்தோம். கம்பவுண்டர் மரியாதைக்கு ஏதாவது கேக்கணும்னு கேட்டாங்க. "அந்த ராஜா நல்லவரா அத்தான்?"

அண்ணன் டம்ளரைக் கீழ வச்சாங்க. முப்பது வருஷமா பாடம் எடுத்தவங்க, அத்தனை பிள்ளைங்க அத்தனை கேள்வி கேட்டிருப்பாங்க. இதை யாரும் கேட்டதில்ல போல.

"சண்டைல ஜெயிச்சார். நாணயம் ஒரே மாதிரி அடிக்க வச்சார். ஏழைக்குச் சோறு போடச் சட்டம் போட்டார்." கொஞ்சம் யோசிச்சாங்க. "பன்னிரண்டு வயசுப் பிள்ளையைத் திருட்டுக்காகக் கொல்றது கொடுமைன்னு சொல்லி, பதினைஞ்சு வயசுக்குக் கீழ இருந்தா கொல்லக்கூடாதுன்னு மாத்தினார். அதுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்."

கம்பவுண்டர் ஒரு மடக்கு குடிச்சாங்க. "பதினாறு வயசுன்னா பரவாயில்லையா?"

அண்ணன் டம்ளரை எடுத்து மறுபடியும் கீழ வச்சாங்க. கம்பவுண்டர் குத்திக் காட்டணும்னு கேக்கல, அவங்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆஸ்பத்திரில வேலை, பிள்ளைங்க வயசு கேட்டு மருந்து கொடுக்குத ஆளு, அதனால கேட்டாங்க. அண்ணன் அன்னைக்கு ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்து என்கிட்ட, "உன் மாப்பிள்ளை நல்ல மனுஷன்மா"ன்னாங்க. கல்யாணமாகி இருபத்திநாலு வருஷம் கழிச்சு. தெரியும்ணேன்னேன்.

கிளம்புத அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். அண்ணனை முன்னால சீட்ல, ஜன்னலோரம் உக்கார வச்சோம். முகத்துக்கு நேரா காத்து வந்தா வாந்தி வராது. கம்பவுண்டர் பக்கத்துக் கடைக்குப் போய் எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வந்தாங்க. டிரைவர் ஏறிட்டார். அப்ப அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு என்னைக் கூப்பிட்டாங்க.

"சுகிர்தம். அன்னைக்கு மதுரைல..."

"என்னண்ணே?"

"உனக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடிச்சிருந்துச்சா?"

பக்கத்துல கம்பவுண்டர் நிக்காங்க, கைல எலுமிச்சம்பழம். வண்டி உறுமிட்டு நிக்குது. அண்ணன் கண்ணு கலங்கியிருந்துச்சு, வாந்தி பயமோ என்னவோ.

"இல்லண்ணே"ன்னேன். "நான் அவரைச் சரியாப் பாக்கக்கூட இல்லையே."

அண்ணன் முகத்துல அப்படி ஒரு நிம்மதி. "நானும் அப்படித்தான் நினைச்சேன்"னாங்க. சரித்திரம் படிச்சவங்க பாருங்க, நேர்ல இருந்த ஆளே சொல்லிட்டா நம்பிடுவாங்க. நானும் உண்மையைத்தான் சொன்னேன். கம்பவுண்டர் பழத்தை ஜன்னல் வழியா நீட்டினாங்க. வண்டி போயிட்டுது.

அதுக்கப்புறம் அண்ணன் வருஷா வருஷம் வந்தாங்க. அதெல்லாம் எழுதிக்கோங்க, மலருக்கு அது நல்லா இருக்கும். கம்பவுண்டர் தவறினதும் இங்கேயே வந்துடுன்னு கூட்டிட்டு வந்தது அண்ணன்தான். கடைசி வரைக்கும் நான்தான் பாத்துக்கிட்டேன். ஆனா நீங்க கேட்டது குடும்பத்தைப் பத்தி, அதனால இதையும் சொல்லிடுதேன்.

அன்னைக்கு பஸ் போனதும் நாங்க வீட்டைப் பாத்து நடந்தோம். நல்ல ஏத்தம். பாதி தூரம் ஏறினதும் திடீர்னு கம்பவுண்டர் சொன்னாங்க, "எனக்கும் முன்னால ஒரு இடம் பாத்தாங்க."

"எங்க?"

"சாத்தான்குளம். டீச்சர்."

இதை எனக்கு யாரும் சொன்னதில்ல. நான் நாலு எட்டு நடந்துட்டுக் கேட்டேன், "பிடிச்சிருந்துச்சா?"

கம்பவுண்டர் குடையை விரிச்சாங்க. அப்ப தூறல்கூட இல்ல. அதை என் பக்கமா சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டு, "மழை வரும் போல இருக்கு, வேகமா நட"ன்னாங்க.

நடந்தேன். வீடு வர்ற வரைக்கும் மழை வரல.